சொட்டுகின்ற கியர்ச் சட்டியும் அதற்குரிய வீட்டு வைத்தியமும்

சென்ற கோடையில் கார்வேட்டிநகரத்தில் அத்தையார் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்த அத்தையார், "வண்டிக்கு அடியிலே யாரோ குங்குமத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் இருக்கிறதே, வந்து பாரப்பா" என்று குரல் கொடுத்தார். சென்று பார்த்தேன். அத்தானுடைய ஏழு பேர் அமரும் வண்டியின் நடுவயிற்றிலிருந்து செந்நிற எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குத் தரையில் படர்ந்திருந்தது.

அத்தான் பல்லாண்டுகள் வளைகுடா நாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இடக்கால் முட்டியில் அவருக்கு ஓயாத வலி. ஆகையால் கிளச்சு மிதிக்க வேண்டாத, தானே கியர் மாறிக்கொள்ளும் வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். "இது மூன்று வாரமாக இருக்கிற நோய்தான், மாப்பிள்ளை. ஞாயிறுதோறும் அடியிலே படுத்து அந்தத் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டுதான் வருகிறேன். இறுக்க இறுக்க அதிகமாகத்தான் சொட்டுகிறது" என்றார். அன்றைக்கும் அவர் ஆயத்தமாகவே இருந்தார். வண்டியோடு வந்த ஜாக்கி, நான்கு செங்கற்கள், ஒரு ரிங் ஸ்பேனர், அந்த ஸ்பேனரின் காம்பில் மாட்டிப் பிடியை நீளமாக்கிக்கொள்ள ஒரு மீட்டர் இரும்புக் குழாய் ஆகியவை திண்ணையோரம் வரிசையாக இருந்தன. செங்கல்லையும் குழாயையும் கண்டதும் எனக்கு உண்மையாகவே நெஞ்சு படபடத்தது. குழாய் வண்டிக்குக் கேடு. செங்கல் அத்தானுக்கே கேடு. இரண்டையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

கார்வேட்டிநகரம் எங்கே இருக்கிறது என்று நம் சங்கத்து இளையவர் கேட்கக்கூடும். புத்தூருக்கு மேற்கே, நகரி மலைப் பக்கத்தில் உள்ள பழைய ஜமீன் ஊர் அது. சாரங்கபாணி என்ற பதகர்த்தர் வேணுகோபாலனைப் பாடிய ஊர் என்று சங்கீதம் அறிந்தவர் சொல்வார்கள். முன்பு வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, 1911-இல் சித்தூர் ஜில்லா பிறந்தபோது அதனுள் அடங்கியது. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை இராஜ்யத்தோடு இணைந்த காலத்தில் இவ்வூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. அதனால் அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மறு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் இங்கே பல. அங்கிருந்து புறப்பட்டுச் சென்னை, பெங்களூர், வளைகுடா, அமெரிக்கா என்று பரவியவர்களும் பலர். எங்கே போனாலும் நம்மவர் கையில் ஒரு வண்டி வந்து சேர்ந்துவிடுகிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலோ அவ்வண்டிகளுட் பெரும்பாலானவை தானே கியர் மாறுபவை. அங்குப் பட்டறைக் கூலி கையைச் சுடுமாதலின், சனிக்கிழமை காலைகளில் வீட்டு வாயிற்பாதையில் மல்லாந்து கிடக்கும் நம் பிள்ளைகள் அநேகர். அவர்களுக்கும், அவர்கள் வெளியே வரும்வரை கவலையோடு கதவருகே நிற்கும் வீட்டாருக்கும் பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் செந்நிற எண்ணெய் செய்கின்ற வேலையைச் சொல்லிவிடுகிறேன். 2014 வரை தயாரான நம் பழைய அம்பாசிடர் போன்ற, கையால் கியர் மாற்றும் வண்டிகளில், கியர்ப் பெட்டியின் எண்ணெய்க்குப் பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதே தலையாய தொழில். தானே கியர் மாறும் வண்டியிலோ அந்த எண்ணெய் மூன்று தொழில்களைச் செய்கிறது. தேய்மானத்தைத் தடுக்கிறது, சூட்டை ஏந்திச் சென்று வெளியேற்றுகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக, அழுத்தத்தை ஏற்று உள்ளேயுள்ள கிளச்சுத் தட்டுகளை இறுகப் பிடிக்கச் செய்கிறது. எஞ்சினின் வலிமை சக்கரத்தை அடைவதே இந்த எண்ணெயின் தயவால்தான். இத்தகைய பெட்டியைப் பெருவாரியாகச் செய்து விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 'ஹைட்ராமாட்டிக்' என்ற பெயரோடு அது வெளிவந்தது. அந்நாளைய எண்ணெயில் திமிங்கலத்தின் எண்ணெயும் ஒரு சேர்க்கைப் பொருளாக இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதற்குத் தடை விதித்த பின்னரே வேறு சேர்க்கைகளைத் தேடிக் கண்டார்கள்.

எண்ணெய் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் கருகும். கருகிய பெட்டியைத் திரும்பவும் சீர்செய்வதற்கு ஆகும் செலவு, பழைய வண்டியானால், சில சமயம் வண்டியின் விலையையே நெருங்கிவிடும். சொட்டுத்தானே என்று இருப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இருபது சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லிலிட்டர். இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் உறுமுவதற்கு அக்குறைவே போதுமானது.

ஆனால் சிவப்பாக எது சொட்டினாலும் அது கியர் எண்ணெய் என்று முடிவு கட்டிவிடலாகாது. சில வண்டிகளில் ஸ்டீயரிங்குக்கும் இதே எண்ணெயை ஊற்றுகிறார்கள். ரேடியேட்டர் நீர்மத்திலும் சிவப்பு உண்டு. அதனை விரலில் தேய்த்தால் எண்ணெய்ப் பசை இராது, நீர்போல் இருக்கும். கியர் எண்ணெய் பழகப் பழகச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். சில நிறுவனத்தார் தொடக்கத்திலேயே பச்சையாகவோ நீலமாகவோ விற்பதுமுண்டு. கருகிய நாற்றம் வீசினால் உள்ளே தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று ஐயுறவேண்டும். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

எண்ணெய் இன்னதென்று தெரிந்த பின்னும், அது எவ்விடத்திலிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி. பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்குகிற சட்டி ஒன்று உண்டு. நம் பட்டறைகளில் சேம்பர் என்பார்கள். எண்ணெயை வடிப்பதற்காக அச்சட்டியின் தாழ்ந்த இடத்தில் வைத்த திருகே டிரெயின் பிளக். அஃது எல்லாவற்றிலும் தாழ்ந்திருப்பதால், மேலே எங்கே கசிந்தாலும் எண்ணெய் வழிந்து வந்து அதன் நுனியில்தான் தொங்கும். சட்டியின் விளிம்பிலுள்ள கேஸ்கட்டு, குளிர்விக்கும் குழாயின் இணைப்பு, கியர்த் தண்டின் சீல் என இவற்றில் எது கசிந்தாலும் பழி மட்டும் டிரெயின் பிளக்கின்மேல் விழுகிறது. ஓடும்போது வீசும் காற்றும் எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிக் குழப்பிவிடும். ஆகவே சட்டி முழுவதையும் துணியால் நன்கு துடைத்து, எண்ணெய்ப் பசை நீக்கும் திரவத்தால் கழுவி, உலர்ந்தபின் வீட்டிலுள்ள முகப்பவுடரைத் தூவிவிட்டுப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து பார்க்கவேண்டும். பவுடர் எங்கே முதலில் நனைந்திருக்கிறதோ அங்கேயே கசிவு. அத்தானின் வண்டியில் விளிம்பெல்லாம் வெள்ளையாக இருக்க, திருகைச் சுற்றி மட்டும் செந்நிற வளையம் தெரிந்தது. (பவுடர் பேத்தியினுடையது. அவள் கோபம் ஆறுவதற்கு மாலைவரை சென்றது.)

இனி, இறுக்க இறுக்கக் கசிவு ஏன் வளர்ந்தது? பலர் எண்ணுவதுபோல் எண்ணெயை நிறுத்துவது திருகின் மரை அன்று. திருகின் தலைக்கும் சட்டிக்கும் நடுவே இருக்கின்ற மெல்லிய வாஷரே அதனை நிறுத்துகிறது. செம்பு, அலுமினியம், நார் அல்லது ரப்பர் விளிம்புள்ள இரும்பு என அது வண்டிக்கு வண்டி மாறுபடும். மென்மையான அவ்வாஷர் நசுங்கி, இரு முகங்களிலும் உள்ள நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புகிறது. ஒருமுறை நசுங்கிய செம்பும் அலுமினியமும் தாமாக மீண்டும் மென்மை அடைவதில்லை. அப்பழைய வாஷரையே போட்டு, பலத்தால் அதன் குறையை ஈடுசெய்ய முயலும்போது வாஷர் பிதுங்குகிறது. சட்டியின் தகடு குழிகிறது. மரை நீண்டு தேய்கிறது. கசிவுக்குப் புதிய வழிகள் திறக்கின்றன. சில்லறைக் காசு விலையுள்ள வாஷரின் வேலையைத் தோள்வலிமையால் செய்துவிடப் பார்ப்பதே இந்நோய் முற்றுவதற்குக் காரணம்.

இறுக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. நியூட்டன் மீட்டர் என்ற கணக்கில் வண்டியின் பழுதுபார்க்கும் கையேட்டில் அதனைக் குறித்திருப்பார்கள். டொயோட்டாவின் பெரிய வண்டிகள் சிலவற்றில் அது 20. ஹோண்டா வண்டிகள் பலவற்றில் 49. ஒரே பெயருள்ள திருகுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதைக் காணலாம். ஆகையால் நண்பர் வண்டியின் அளவு நம் வண்டிக்கு ஆகாது. 20 நியூட்டன் மீட்டர் என்பது எவ்வளவு? கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியை எட்டுக் கிலோ எடையளவு விசையால் இழுத்தால் அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கும் பலம்கூட வேண்டியதில்லை. அதே எட்டுக் கிலோவை ஒரு மீட்டர் குழாய் மாட்டி இழுத்தால் 80 ஆகிவிடும். உடம்பைச் சாய்த்து முப்பது கிலோ இழுத்தாலோ 300-ஐ நெருங்கும். அத்தான் குழாயை அன்றுதான் முதன்முறையாக எடுத்திருந்தார். முந்தைய வாரங்களில் வெறும் ஸ்பேனரோடு நிறுத்திக்கொண்டதே அந்த மரை பிழைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செங்கல்லைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டும். இக்கட்டுரையில் வேறு எதனை மறந்தாலும் இதனை மறக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜாக்கி என்பது வண்டியைத் தூக்கும் கருவி. தாங்கும் கருவி அன்று. எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஜாக்கியில் உள்ளேயுள்ள சிறு ரப்பர் வளையம் ஒன்று கிழிந்தால் வண்டி இறங்கிவிடும். வண்டியோடு தரப்படுகின்ற திருகு ஜாக்கி, சக்கரம் மாற்றுகிற சில நிமிஷங்களுக்காகச் செய்யப்பட்டது; பக்கவாட்டில் சிறிது தள்ளினாலும் சாய்ந்துவிடும். அடியிலே படுத்து ஒரு திருகைப் பலமாக இழுப்பதே பக்கவாட்டில் தள்ளுவதுதான். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் சுவரில் அடுக்கப்பட்டு, பரவலான பாரத்தை மட்டும் ஏற்கவல்லவை. வண்டியின் அடிச்சட்டம் ஒரே புள்ளியில் ஊன்றினால், முன்னறிவிப்பு ஏதுமின்றி நொறுங்கிவிடும். மரக்கிளை முறிவதற்குமுன் கேட்கும் சத்தம்கூட அதில் இராது. அத்தானுடைய வண்டியின் எடை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் டன். "பக்கத்திலேதானே புத்தூர், எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளலாம்" என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். புத்தூர்க் கட்டின் பெருமையை நானும் மறுப்பவனல்லன். ஆனால் அக்கட்டு கைக்கும் காலுக்கும் போடுவது. நசுங்கிய மார்புக்குக் கட்டுப் போடுவார் எவ்வூரிலும் இல்லை.

ஊரிலிருந்த டிராக்டர் பட்டறை ஒன்றிலிருந்து நான்கு இரும்பு ஸ்டாண்டுகளை இரவலாகப் பெற்றோம். அவற்றை நிறுத்தத் தரை மண்ணாக இருக்கலாகாது, சாய்வாகவும் இருக்கலாகாது. வெயிலில் இளகும் தாரும் ஏற்றதன்று. வீட்டு முற்றத்துச் சிமெண்டுத் தளத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். முன்பக்கத்தைத் தூக்குமுன் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை கொடுக்கவேண்டும். பின்பக்கத்தைத் தூக்குமுன் எதிர்ப்பக்கத்தையும் கவனிக்கவேண்டும். கைபிரேக்கு பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிப்பது. அச்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பியதும் அதற்கு வேலையில்லை. கியரை நிறுத்தும் நிலையில் வைத்தாலும், அது எஞ்சின் இழுக்கின்ற சக்கரங்களை மட்டுமே பூட்டும். ஸ்டாண்டுகளை எங்கே ஊன்றவேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் படத்தோடு இருக்கிறது. ஊன்றியபின் வண்டியின் பக்கத்தில் நின்று நன்றாகத் தள்ளிப் பார்த்தோம். விழுவதானால் நாம் வெளியே இருக்கும்போதே விழட்டும். நான்கு புறமும் தூக்கியதற்குக் காரணம், சட்டி சமமாக இருந்தால்தான் எண்ணெய் முழுவதும் வடியும் என்பதே. அத்தையாரை வாசலில் ஒரு நாற்காலி போட்டு அமரச் செய்தோம். பிள்ளைகளை அருகே விடாமலிருப்பதும், எங்கள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடைய வேலை. தனியாக ஒருவர் வண்டிக்கு அடியிற் போகலாகாது என்பதை வீட்டாரே சட்டமாக்கிக்கொள்ளலாம்.

புதிய வாஷர் திருப்பதியிலிருந்து வருவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை வண்டியை எடுக்கவில்லை. வாஷரோடு, கையேடு குறிப்பிடும் எண்ணெயையும் நான்கு லிட்டர் வாங்கிவரச் செய்தேன். கடைக்காரர் எதிலும் ஊற்றலாம் என்று கொடுக்கும் எண்ணெயை ஏற்கவேண்டாம். பட்டைச் சங்கிலியால் இயங்கும் சி.வி.டி. வகைப் பெட்டிக்கு வேறு எண்ணெய், இரட்டைக் கிளச்சு வகைக்கு வேறு எண்ணெய். ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்கு நஞ்சு.

வேலை தொடங்கிய ஒழுங்கையும் சொல்லவேண்டும். ஓடிவந்த வண்டியின் எண்ணெய் எண்பது தொண்ணூறு டிகிரி செல்ஷியஸ் சூட்டில் இருக்கும். அருகிலுள்ள புகைக்குழாயோ அதனினும் கொடியது. ஆகையால் கை பொறுக்கும் வெதுவெதுப்பு வரும்வரை ஆறவிட்டோம். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டோம். மல்லாந்து படுத்தவன் கண்ணில்தான் முதற் சொட்டு விழும். அடுத்து நாங்கள் கைவைத்தது டிரெயின் பிளக்கில் அன்று, எண்ணெய் ஊற்றுகிற பக்கத்துத் திருகில். இது அநேகர் செய்யாத முன்னெச்சரிக்கை. வடிகின்ற திருகைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் கொட்டிவிட்டு, ஊற்றுகின்ற திருகு துருவேறிக் கழலவில்லை என்றால், வண்டி முற்றத்திலேயே நொண்டியாகிக் கிடக்கும். அது கழலும் என்று உறுதியான பிறகே கீழே போனோம்.

இன்னொரு பொறியும் இங்கே உண்டு. சில நவீன வண்டிகளில் சட்டியின் அடியில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று வடிப்பதற்கு, மற்றொன்று எண்ணெயின் மட்டம் பார்ப்பதற்கு. வேறு சிலவற்றில் ஒரே திருகுதான். அதனைக் கழற்றினால் சிறிது எண்ணெய் வந்து நின்றுவிடும். உள்ளே நிற்கும் மட்டக் குழாயையும் கழற்றினால்தான் மீதி வடியும். எண்ணெய் அவ்வளவுதான் இருந்தது என்று மயங்கி ஊற்றிவிட்டவர்கள் உண்டு. கையேட்டுப் படத்தை முதல்நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.

திருகின் தலையில் சரியாகப் பொருந்துகிற ஸ்பேனரால் மெல்லத் தளர்த்தி, பிறகு விரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே சுழற்றினால், கடைசி மரை விடும் தருணம் கைக்குத் தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடவேண்டும். எண்ணெய் லிட்டர் குறியிட்ட வாளியில் விழுந்தது. மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சட்டியை வடித்தால் வருவது மொத்த எண்ணெயில் ஒரு பகுதியே. மீதி மேலேயுள்ள டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும்.

கழற்றிய வாஷரைப் பார்த்தோம். ஒருபுறம் பிதுங்கி, மறுபுறம் கத்தி விளிம்புபோல் மெலிந்திருந்தது. சில வண்டிகளின் திருகு நுனியிலோ சட்டிக்குள்ளேயோ காந்தம் வைத்திருப்பார்கள். அதில் மைபோன்ற சாம்பல்நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் அஞ்சவேண்டுவதில்லை. அது நாட்பட்ட தேய்மானம். ஊசி ஊசியாக உலோகத் துணுக்குகள் இருந்தால் வண்டியைப் பட்டறைக்குத்தான் அனுப்பவேண்டும். எங்களுக்குக் கிடைத்தது குழம்புதான். அதனைத் துடைத்துவிட்டு, பழைய வாஷரின் துண்டு சட்டியின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தோம். ஒட்டியிருக்கும் பழைய வாஷரின்மேல் புதியதைப் போடுவது கசிவை விலைகொடுத்து வாங்குவதாகும்.

திருகின் மரையில் வெள்ளை டேப்பு சுற்றலாமே, எம்-சீல் பூசலாமே என்று அத்தான் கேட்டார். குழாய்க்கு நல்லவை அவை, இங்கே ஆகா. டேப்பின் நூலிழை ஒன்று பிரிந்து உள்ளே போனால், ஊசித்துளை போன்ற எண்ணெய் வழிகளையுடைய வால்வுப் பகுதியில் சிக்கிக்கொள்ளும். எம்-சீல் இறுகிவிட்டால் அடுத்தமுறை திருகைக் கழற்றுவது எப்படி? வாஷர் கிடைக்காத குக்கிராமத்தில் அகப்பட்டுக்கொண்டவர், வாஷர் செம்பானால், அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் மென்மையாகும். இஃது எஃகுக்கு நேர்மாறான குணம். அலுமினியத்துக்கு இவ்வழி ஆகாது. அது சிவக்குமுன்னே உருகிவிடும்.

புதிய வாஷரை மாட்டித் திருகை முதலில் விரலாலேயே ஏற்றவேண்டும். நான்கைந்து சுற்று விரலுக்கு அடங்கி ஏறினால் மரை நேராகப் பொருந்தியிருக்கிறது. தொடக்கத்திலேயே முரண்டு பிடித்தால், குறுக்கு மரை ஏறுகிறது என்று கொண்டு திரும்பக் கழற்றவேண்டும். விரல் நின்ற பிறகு, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கினோம். 'டக்' என்று அது சொன்னதும் அத்தான், "இவ்வளவுதானா?" என்று நம்பாமல் கேட்டார். இன்னும் கால் சுற்று கொடுக்கும் ஆசை அவர் கண்ணிலே தெரிந்தது. ரெஞ்சை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மரை முன்பே போய்விட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். திருகு இறுகாமல் சும்மா சுழல்வதே அதன் அடையாளம். பெரிய அளவில் தானே மரை வெட்டிக்கொள்ளும் திருகுகள் கடையில் கிடைக்கின்றன. வெட்டிய துகள் உள்ளே விழும் என்பதாலும், அடுத்தமுறை இன்னும் பெரியது தேடவேண்டும் என்பதாலும் எனக்கு அவற்றில் விருப்பமில்லை. சட்டியைக் கழற்றி, வெளியே வைத்து, ஹெலிகாயில் என்னும் கம்பிச் சுருள் மரையைப் பொருத்துவது நல்ல வழி. இரும்புத் தகட்டுச் சட்டியானால் புதிதே வாங்கிவிடலாம். சட்டியே இல்லாமல் பெட்டியின் உடலிலேயே திருகு இருக்கும் வண்டிகளில் இது கைதேர்ந்தவர் வேலை. வீட்டில் முயலற்க.

எண்ணெய் ஊற்றுவதில் ஒரு கணக்குப் பிழை நேரக்கூடும். வடிந்த அளவே திரும்ப ஊற்றினால் சரி என்பது, முன்பே மட்டம் சரியாக இருந்த வண்டிக்கு மட்டும் பொருந்தும். மூன்று வாரம் கசிந்த வண்டியில் வடிந்தது குறைவு. அதே அளவு ஊற்றினால் குறையும் அப்படியே நிற்கும். மட்டம் பார்க்கும் கோல் உள்ள வண்டியில் கையேடு சொன்னபடி பார்த்து நிரப்பிவிடலாம். எஞ்சின் ஓடும்போது பார்க்கவேண்டியவையும் உண்டு, நிறுத்திப் பார்க்கவேண்டியவையும் உண்டு. கோல் இல்லாத வண்டிகளிலோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் சூடு நாற்பது டிகிரியை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்போது, அடியிலுள்ள மட்டத் திருகைத் திறந்து, எண்ணெய் மெல்லிய நூலாக வழிகிறதா என்று பார்க்கவேண்டும். அளவுக்கு மிஞ்சினாலும் கேடுதான். எண்ணெய் நுரைத்து அழுத்தம் இழக்கும். அத்தானின் வண்டி இவ்விரண்டாவது வகை.

இந்த ஒரு படியை நாங்கள் முற்றத்தில் செய்யவில்லை. ஓடுகின்ற வண்டி ஸ்டாண்டின்மேல் நிற்க, அதனடியில் ஒருவர் படுப்பதை நான் ஒப்பவில்லை. வடிந்த அளவோடு, கசிந்திருக்கும் என்று மதித்த அளவையும் கைப்பம்பால் சேர்த்து ஊற்றி, வண்டியை இறக்கி, மெதுவாகப் புத்தூர்வரை ஓட்டிச் சென்றோம். அங்கே தூக்குமேடையும் சூடு காட்டும் கருவியும் உள்ள பட்டறையில் மட்டத்தை மட்டும் பார்த்துத் தரச் சொன்னோம். இன்னும் கால் லிட்டர் ஏற்றது. பட்டறைக்காரர் திருகைத் தொட்டுப் பார்த்து, "புது வாஷரா?" என்று தெலுங்கில் கேட்டுத் தலையசைத்தார்.

வாளியிலிருந்த பழைய எண்ணெயை என் சிறுவயதில் வேலிக்காலில் ஊற்றுவார்கள். கரையானுக்கு மருந்து என்று பெயர். ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் பழைய எஞ்சின் எண்ணெய், பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. கியர் எண்ணெயும் அதற்கு இளைத்ததன்று. கிணற்று நீரை நம்பி மாந்தோப்பு வைத்திருக்கும் ஊரில், கந்த புஷ்கரிணி போன்ற கற்படித் திருக்குளம் நடுவே இருக்கும் ஊரில், அதனை மண்ணில் விடலாமோ? இந்தியாவில் பயன்படுத்திய எண்ணெய் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்டது. 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் விற்கும் நிறுவனங்களுக்கே அதனைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிப்பதில் பொறுப்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உதிரிப்பாகக் கடைகள் பல அதனைக் கட்டணமின்றி வாங்கிக்கொள்கின்றன. நாங்கள் மூடியுள்ள பழைய டின்னில் அடைத்துக் கையோடு கொண்டுபோய், புத்தூர்ப் பட்டறையின் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தோம். எண்ணெய் தோய்ந்த துணிகளையும் குவியலாக விடாமல் அங்கேயே சேர்த்தோம்.

திரும்பி வந்த இரவு வண்டியின் அடியில் செய்தித்தாள் ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்தோம். காலையில் அத்தையார்தான் முதலில் குனிந்து பார்த்தார். தாள் உலர்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்துத் திருத்தணி போய்வந்த பிறகும் அவ்வாறே இருந்ததாக அத்தான் தொலைபேசியில் சொன்னார். குழாய் இப்போது மாங்காய் பறிக்கும் துறட்டிக்குக் காம்பாகிவிட்டதாம்.